கார் ஓடும்போது உதறுகிறதா? எந்த நேரத்தில் என்று முதலில் பாருங்கள்

ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு "வைப்ரேஷன் அடிக்குதுண்ணே" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்த்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மறுநாளும் அதே உதறல் இருக்கும். அலைன்மென்ட் கெட்டிருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயரின் ஓரம் தேயும். ஸ்டியரிங் கிடுகிடுவென்று நடுங்குவதற்கு அதுவே நேர்க் காரணமாக இருப்பது அபூர்வம். ஆனாலும் என்ன கோளாறு என்றாலும் முதல் மருந்து அதுதான் என்ற பழக்கம் நம் பக்கம் ஊறிப்போய்விட்டது.

நல்ல மெக்கானிக் வண்டியைத் தொடுவதற்கு முன் கேட்பது வேறு. "எப்ப ஆடுது தம்பி? வேகத்துலயா, பிரேக்குலயா, நின்னுக்கிட்டு இருக்கும்போதா?" பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். பதில் சொல்ல வேண்டியவர் தினமும் வண்டியை ஓட்டுகிற நீங்கள். அதனால் உதறல் வரும் நேரத்தை வைத்துக் காரணத்தைத் தேடிப் போகும் வழியை இங்கே எழுதுகிறேன்.

பொதுவான காரணங்கள் எந்த ஊர்க் காருக்கும் ஒன்றுதான். ஆனால் எதை முதலில் சந்தேகப்படுவது என்பது ஊருக்கு ஊர் மாறும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் ஓடும் வண்டிக்குச் சேறு, வைக்கோல், எலி, உப்புக்காற்று எல்லாம் உதிரிபாகத் தேய்மானத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன.

முதலில், ஓட்டவே கூடாத நிலை

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று திடீரென்று ஆட ஆரம்பித்தால், அதுவும் பஞ்சர் போட்ட பிறகோ, பள்ளத்தில் பலமாக இறங்கிய பிறகோ என்றால், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஓரமாக நிறுத்தி நான்கு சக்கரத்தையும் சுற்றிப் பாருங்கள்.

வீல் நட்டை ஒவ்வொன்றாக ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். ஒன்று லூசாக இருந்தாலும் காரணம் கிடைத்துவிட்டது. நட்டை அடுத்தடுத்து முறுக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) சமமாக உட்காரும். லூசாக ஓடிய சக்கரத்தில் நட்டுத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்த ரிம்மை இனி நம்ப வேண்டாம். சக்கரம் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை நட்டைச் சரிபார்ப்பது நல்லது.

அடுத்தது டயரின் பக்கச் சுவர். முட்டை அளவுக்கு ஒரு வீக்கம் தெரிந்தால் உள்ளே இழை அறுந்துவிட்டது என்று பொருள். ஓட்டினால் எந்த நிமிடமும் வெடிக்கலாம். ஸ்டெப்னியை மாட்டுங்கள். வெளிப்பக்கம் மட்டும் பார்த்து விட்டுவிடக் கூடாது. உட்பக்கம் வீங்குவதும் உண்டு. குனிந்து, செல்போன் விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும்.

எங்கே ஓட்டிச் சோதிப்பது

கல்லணையிலிருந்து பூம்புகார் வரை ஆற்றை ஒட்டிப் போகும் சாலையிலோ, வெண்ணாற்றங்கரையிலோ இந்தச் சோதனை வேண்டாம். வளைவும் மாடும் எதிரே வரும் டிராக்டரும் ஒரு பக்கம் இருக்க, அந்தச் சாலையே வண்டியை ஆட்டும். களிமண் மேல் போட்ட சாலை மழையில் ஊறி வெயிலில் சுருங்கி அலை அலையாகிவிடும். வாய்க்கால் பாலம் ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் மண் அமுங்கி ஒரு படி இறங்கியிருக்கும். அங்கே வரும் ஆட்டம் வண்டியுடையதா சாலையுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலை போல நேரான, சமமான சாலையாகப் பார்த்துக் கூட்டமில்லாத காலை நேரத்தில் போங்கள். டயர்க் காற்றைக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எந்த வேகத்தில் தொடங்கியது, எதில் அடங்கியது என்று அவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உதறல் வந்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். மேனுவல் கியர் வண்டி என்றால், முன்னும் பின்னும் வண்டியில்லாத நேரம் பார்த்து நியூட்ரலுக்குத் தள்ளிச் சில வினாடி உருளவிடுங்கள். இன்ஜினை மட்டும் அணைக்கக் கூடாது. பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் கை கொடுக்காது, சாவியைத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. ஆட்டோமேட்டிக் வண்டியில் காலை எடுத்துப் பார்ப்பது மட்டும் போதும்.

நியூட்ரலிலும் அதே உதறல் தொடர்ந்தால் கோளாறு சக்கரம், டயர், ஹப் பக்கம். நியூட்ரலில் நின்றுவிட்டால் இன்ஜின், மவுண்டிங் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்), ஆக்சில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) பக்கம். பிரேக்கைத் தொட்டால்தான் வருகிறது என்றால் பிரேக். இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் தேவையில்லாத செலவு பாதிக்கு மேல் மிச்சம்.

80க்கு மேல் போனால் ஸ்டியரிங் நடுங்குகிறது

அதிகம் பேர் சொல்லும் புகார் இது. 60 வரை ஒன்றும் தெரியாது. 80-ல் மெல்லத் தொடங்கி 90, 100-ல் உச்சமாகி, அதற்கு மேல் போனால் சில வண்டியில் குறைந்தும் விடும். வீல் பேலன்ஸ் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது) போயிருப்பதற்கு இதுவே அடையாளம். நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம், சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரம் என்பது பொதுவாகச் சரியாக வரும்.

பேலன்ஸ் ஏன் போகிறது? வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், ரிம்மில் அடித்திருக்கும் ஈயத்துண்டு விழுந்துவிட்டது என்பது. அது இருந்த இடத்தில் மட்டும் அழுக்கில்லாத ஒரு சிறிய கட்டம் தெரியும். தேடினால் கண்ணில் படும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் அதைவிடப் பெரிய காரணம் சேறு.

சம்பா நடவு நேரத்தில் தொளி உழுத டிராக்டர் வயலிலிருந்து ஏறித் தார்ச்சாலையில் போகும்போது சக்கரத்திலிருந்து அப்பளம் அப்பளமாகச் சேறு விழுந்துகொண்டே போகும். மழையில் அது கூழாகிக் கிடக்கும். அதன் மேல் காரை விட்டால் ரிம்மின் உட்பக்கத்தில் போய் அப்பிக்கொள்ளும். மணலாக இருந்தால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். இது வண்டல் களி. ஓர் இரவு நின்றால் காய்ந்து ரிம்மோடு இறுகிவிடும். வெளியே பளபளவென்று கழுவிய வண்டியிலும் உள்ளே அப்படியே இருக்கும்.

ஒரு கைப்பிடிச் சேறு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். 14 அங்குல ரிம்மும் 165/80 டயரும் உள்ள சக்கரம் 90 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 13 சுற்று சுற்றுகிறது. ரிம்மின் உட்பக்கம் ஒரே இடத்தில் 50 கிராம் மண் ஒட்டியிருந்தால் அந்த வேகத்தில் அது சுமார் ஐந்தரை கிலோ எடை அளவுக்கு வெளிப்பக்கம் இழுக்கும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே. வேகம் பாதியானால் இந்த இழுப்பு கால் பங்காகிவிடும். 45-ல் ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமே தெரியாததற்குக் காரணம் இதுதான்.

எனவே பேலன்சிங் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒரு வாளித் தண்ணீரும் ஒரு குச்சியும். ரிம்மின் சந்து வழியாகக் கையை விட்டு உட்சுற்று முழுவதும் தடவிப் பாருங்கள். கெட்டியாக ஒரு திட்டு தட்டுப்படும். இரும்புக் கம்பி வேண்டாம். அலாய் ரிம்மில் கீறல் விழும், ஒட்டு ஈயத்துண்டும் பெயர்ந்துவரும். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு மூங்கில் சிம்பால் தட்டினால் பெயர்ந்துவிடும். வாட்டர் சர்வீஸ் விடுபவர்கள் சக்கரத்தின் உட்பக்கம் அடிக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் அடிக்க மாட்டார்கள். கழுவிவிட்டு அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். நடவு சீசனில் வரும் நடுக்கத்தில் பாதி இதோடு போய்விடும் என்பது என் கணிப்பு.

சேற்றோடு பேலன்சிங் செய்தால் வேறு வேடிக்கை நடக்கும். மெஷின் அந்தச் சேற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு எதிர்ப்பக்கம் ஈயம் அடிக்கச் சொல்லும். அடித்த அன்று வண்டி பட்டுப்போல ஓடும். அடுத்த மழையில் சேறு கரைந்து விழுந்ததும் அடித்த ஈயமே கோளாறாகிவிடும்.

கழுவியும் போகவில்லையா? முன்சக்கரத்தைப் பின்னாலும் பின்சக்கரத்தை முன்னாலும் அதே பக்கத்துக்குள்ளேயே மாற்றி மாட்டி ஓட்டுங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்குப் போய்விட்டால் சக்கரத்தில்தான் கோளாறு. அது எந்தப் பக்கச் சக்கரம் என்று ஸ்டெப்னியை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். ஸ்டெப்னி அதே அளவுடையதாக இருக்க வேண்டும். மாற்றியும் ஸ்டியரிங்கிலேயே நிற்கிறது என்றால் ஹப், பேரிங், டை ராடு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) பக்கம் போக வேண்டும்.

சக்கரம் மாற்ற ஜாக்கி போடும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் நம் மண்ணில் ஜாக்கி கண்ணெதிரே உள்ளே இறங்கும். ஊர்ப் பொதுக் களம், சிமென்ட் தளம் போட்டது, காலியாகத்தான் கிடக்கும், அங்கே போய்விடுங்கள். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை விடவே கூடாது.

20, 30 வேகத்திலேயே தடக் தடக்கென்று ஆடுகிறது

பேலன்ஸ் கோளாறு இவ்வளவு மெதுவான வேகத்தில் தெரியாது. இது வடிவக் கோளாறு. டயர் உருண்டையாக இல்லை, அல்லது ரிம் வளைந்திருக்கிறது.

ரிம் வளைவதற்கு நம் வாய்க்கால் பாலங்களே போதும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, தரையில் ஒரு செங்கல்லை நிறுத்தி அதன் முனையை ரிம்மின் விளிம்புக்கு ஒட்டினாற்போல் வைத்துவிட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் வளைவு. ஸ்டீல் ரிம் என்றால் தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் ரிம்மைச் சூடாக்கித் தட்டி நிமிர்த்திக் கொடுக்கிறேன் என்பவர்களிடம் நான் கொடுக்க மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்து பிறகு காற்று இறங்கும், சில சமயம் உடைந்தும் போகும்.

ரிம் நேராக இருந்து டயர் மட்டும் ஒரே இடத்தில் ஏறி இறங்கினால், டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை பிரிந்துவருகிறது. உள்ளங்கையால் டயரின் மேல்பரப்பைச் சுற்றிலும் தடவினால் அந்த மேடு தட்டுப்படும் (கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம்). அந்த டயரை உடனே மாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு வகை நம் பக்கம் அதிகம். வீட்டுக்காரர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். கார் ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும். ஊருக்கு வந்ததும் வேளாங்கண்ணிக்கோ திருநள்ளாற்றுக்கோ குடும்பத்தோடு புறப்படுவார். வண்டி தடதடவென்று ஆடும். நின்ற இடத்திலேயே பாரம் தாங்கிய டயர் தரையைத் தொட்ட பகுதியில் தட்டையாகிவிட்டது. சில நாள் மட்டும் நின்ற வண்டி என்றால் 15, 20 கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதும் வட்டம் திரும்பிவிடும். மாதங்கள் நின்றிருந்தால், அதுவும் காற்று இறங்கிய நிலையில் நின்றிருந்தால், திரும்பாமலே போகலாம்.

அப்படி நின்ற வண்டியில் டயரின் கட்டை (தரையில் படும் ரப்பர் மேடு) நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பக்கச் சுவரில் மயிர்க்கோடு போல வெடிப்பு ஓடியிருந்தால் கட்டை எவ்வளவு இருந்தாலும் நெடுஞ்சாலைக்கு ஆகாது. கட்டைக்குக் குறைந்தபட்ச அளவு 1.6 மில்லிமீட்டர், பள்ளத்துக்குள்ளே இருக்கும் சிறு மேட்டோடு கட்டை சமமாகிவிட்டால் அந்த அளவு வந்துவிட்டது.

பிரேக் மிதித்தால் மட்டும் உதறுகிறது

80-லிருந்து பிரேக்கை மெதுவாக அழுத்தும்போது ஸ்டியரிங் ஆடினால் முன் டிஸ்க். பெடல் காலுக்கடியில் துடிப்பதும் அதோடு வரும். ஸ்டியரிங் சும்மா இருந்து சீட் மட்டும் ஆடினால் பின் டிரம்மையோ பின் டிஸ்க்கையோ பாருங்கள். திடீரென்று ஓங்கி மிதிக்கும்போது மட்டும் கடகடவென்று பெடல் அடிப்பது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) வேலை செய்வது. அது கோளாறில்லை, காலை எடுக்காதீர்கள்.

"டிஸ்க் வளைஞ்சு போச்சு" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் வளைந்திருக்காது, சுற்றிலும் தடிமன் ஒரே அளவாக இல்லாமல் போயிருக்கும். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் இரண்டு மூன்று பங்கு வித்தியாசம் வந்தாலே கால் உணர்ந்துவிடும். நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் தாறுமாறாக முறுக்கினாலும், ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் துருவோ காய்ந்த சேறோ சிக்கினாலும், டிஸ்க் லேசாகக் கோணலாக உட்கார்ந்து ஓடும். சில ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு பக்கம் தேய்ந்து உதறல் வந்துவிடும். புது டிஸ்க் மாட்டச் சொல்லும் முன் பழையதைக் கழற்றி ஹப்பின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டச் சொல்லுங்கள். லேத்தில் கொடுத்துச் சமன் செய்யலாம்தான். ஆனால் டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். சீவிய பிறகு அதற்குக் கீழே போகுமானால் மாற்றிவிட வேண்டும்.

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்குத் துரு தனிக் கதை. நான்கு நாள் நின்றாலே டிஸ்க் செம்மண் நிறமாகிவிடும். மேலாகப் படிந்த துரு பத்துப் பதினைந்து தடவை பிரேக் அடித்ததும் போய்விடும். பிரேக் பேட் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் ஆழமான கறை விழுந்தால் அது போகாது. சுற்றுக்கு ஒருமுறை தடுக்கும். மழையில் நனைந்த வண்டியை ஹேண்ட் பிரேக் போட்டு வாரக்கணக்கில் நிறுத்தினால் பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பதே சரி.

பிரேக்கை விட்ட பிறகும் உதறல் தொடர்ந்து, ஓட ஓடக் கூடினால், ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி ஒவ்வொரு ரிம்முக்கும் அருகில் கையை நீட்டுங்கள், தொடாமல். ஒன்று மட்டும் அனலாக அடிக்கும், கருகிய வாடையும் வரும்.

ஆக்சிலேட்டர் மிதித்தால் ஆடுகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது

பாலத்து ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அழுத்தும்போது வண்டியின் முன்பக்கம் இடம் வலமாக ஆடினால் ஆக்சிலின் உள் ஜாயிண்டைச் சந்தேகப்படலாம். வெளி ஜாயிண்ட் தேய்ந்தால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது டக் டக்கென்று சத்தம் வரும். இரண்டுக்கும் ஆரம்பம் ஒன்றுதான்: மேலே மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண்ணும் தண்ணீரும் உள்ளே போவது. சக்கரத்தின் உட்பக்கமெல்லாம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் போய்விட்டது. ஜாயிண்டில் சத்தம் வரும் முன்பே பூட்டை மாற்றிவிட்டால் சின்னச் செலவோடு முடியும்.

சம்பா அறுவடை முடிந்து உளுந்து எடுக்கும் பங்குனி வாக்கில் இன்னொன்று. செடியைச் சாலையில் பரப்பிவிடுவார்கள், போகிற வருகிற வண்டிச் சக்கரத்தில் அடிபட்டு மணி உதிரட்டும் என்று. வேறு வழியில்லாமல் அதன் மேல்தான் போக வேண்டும். உளுந்துக்கொடி கயிறு மாதிரி; சுழலும் ஆக்சிலில் ஒரு முனை மாட்டினால் போதும், சுற்றிச் சுற்றி இறுகிவிடும். வைக்கோலும் அப்படித்தான். வண்டி அடியில் சரசரவென்று சத்தம், லேசான உதறல். சுற்றிய கொடி பூட்டின் வளையத்தை இழுத்துக் கழற்றிவிடுவதும் உண்டு.

இதில் உதறலைவிடப் பெரிய ஆபத்து தீ. புகைக்குழாயும் அதிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) காய்ந்த வைக்கோலைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகும். செடி பரப்பிய இடத்தைத் தாண்டியதும் தார் மட்டும் இருக்கும் இடத்தில் நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள். பரப்பியிருக்கும் செடி மேலேயே வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். சுற்றியிருப்பதை இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, கத்தரியால் வெட்டி எடுங்கள். இழுத்தால் பூட்டும் கிழியும்.

பின்சக்கர இழுவை உள்ள பொலேரோ, ஸ்கார்ப்பியோ, பழைய ஆம்னி போன்ற வண்டிகளில் இதே அறிகுறி வந்தால் புரொப்பல்லர் ஷாஃப்டின் (கியர் பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் நீளத் தண்டு) கிராஸ் ஜாயிண்டைப் பாருங்கள். சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருகினால் தேய்ந்த கிராஸ் 'டொக்' என்று ஆட்டம் காட்டும். டிராக்டர் வாடை அடிக்கும் எந்தச் சின்னப் பட்டறையிலும் இதை மாற்றத் தெரிந்தவர் இருப்பார்.

உதறலோடு 'உம்ம்' என்ற இரைச்சல்

வீல் பேரிங். வேகத்தோடு இரைச்சல் கூடும். கியர் மாற்றினாலும் நியூட்ரலில் விட்டாலும் மாறாது. அகலமான சாலையில் ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் ஒடித்தால் பாரம் இடச்சக்கரத்துக்குப் போகும்; அப்போது சத்தம் கூடினால் இடப்பக்கப் பேரிங். ஹப் அளவுக்குத் தண்ணீரில் இறங்கிய வண்டியில் சில வாரம் கழித்து இது தலைகாட்டும்.

சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்; ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் உருண்டை மூட்டு). இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு எண்ட். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் வெளியே சாய்ந்து வண்டி உட்கார்ந்துவிடும். தள்ளிப்போடக் கூடாத வேலை.

மேடு பள்ளத்தில் மட்டும் 'லொட லொட' என்றால் சஸ்பென்ஷனின் லிங்க் ராடு அல்லது லோயர் ஆர்ம் புஷ் (ரப்பர் உறை). அவசரமில்லை. ஆனால் தேய்ந்த புஷ், சின்னப் பேலன்ஸ் கோளாறையும் பெரிதாக்கிக் காட்டும்.

நிற்கும்போதே உதறுகிறது

சக்கரம் சுற்றவே இல்லை, அதனால் மேலே சொன்ன சக்கரம், பிரேக், ஆக்சில் எதுவும் காரணமில்லை. ஏசி போட்டால் கூடுகிறதா, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மூன்று சிலிண்டர் இன்ஜின்கள் இயல்பிலேயே நான்கு சிலிண்டரைவிடக் கொஞ்சம் கூடுதலாக நடுங்கும். பழைய நான்கு சிலிண்டர் காரை விற்றுவிட்டு மூன்று சிலிண்டர் வாங்கியவர் இதைக் கோளாறு என்று நினைத்து மவுண்டிங் மாற்ற வேண்டியதில்லை. வாங்கிய அன்றைக்கும் இப்படித்தான் இருந்ததா என்று யோசித்தால் போதும்.

வண்டி இழுக்காமல், ஒரு தாளம் தவறித் தவறி உதறினால் ஒரு சிலிண்டர் எரியவில்லை. ஸ்பார்க் பிளக், காயில், இன்ஜெக்டர் என்று பட்டியல் உண்டு. வயலை ஒட்டி வீடு இருப்பவர்கள் அதற்கு முன் பானட்டைத் திறந்து ஒயரைப் பாருங்கள். அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். ஓடி நின்ற காரின் கதகதப்பான இன்ஜின் அவற்றுக்கு வாகான இடம். காயிலுக்கோ இன்ஜெக்டருக்கோ போகும் மெல்லிய ஒயரைக் கடித்து வைத்திருந்தால் அந்தச் சிலிண்டர் நின்றுவிடும். நெல் உமி, புழுக்கை, பிய்த்த பஞ்சு கிடந்தால் வந்திருப்பது யார் என்று தெரிந்துவிடும்.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஒர்க்‌ஷாப் போய்ச் சேரலாம். விட்டு விட்டு மின்னினால் வண்டியை நிறுத்துவதே நல்லது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய்க் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பொசுக்கிவிடும். ஒயருக்கு ஆகும் செலவும் அதற்கு ஆகும் செலவும் ஒப்பிடவே முடியாதவை.

முதல் கியரில் கிளட்சை விடும்போது மட்டும் வண்டி குதித்துக் குதித்து நகர்ந்தால் கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது பிளேட் தேய்ந்திருக்கலாம். அதையும் முதலில் மவுண்டிங்கைப் பார்த்த பிறகே பிரிக்கச் சொல்லுங்கள். கியர் பாக்ஸை இறக்கும் கூலி பெரிது.

கடைக்குப் போகும்போது

"எண்பதுல ஆரம்பிக்குது, நூறுல அதிகம், நியூட்ரல்ல விட்டாலும் நிக்கல, ஸ்டியரிங்ல மட்டும் தெரியுது, சேறு கழுவிட்டேன்" என்று சொல்லுங்கள். கேட்பவர் நேராக முன்சக்கரத்தைக் கழற்றுவார். பேலன்சிங் மெஷினில் சக்கரத்தை ஏற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய ஈயத்தை எல்லாம் பெயர்த்த பிறகே மெஷினை ஓட்ட வேண்டும். புது ஈயம் அடித்ததும் மறுபடி ஒருமுறை சுற்றவிட்டு இரண்டு பக்கமும் சுழி (0) காட்டுகிறதா என்று பாருங்கள். அந்த இரண்டாவது சுற்றை விட்டுவிடும் கடைகள் நிறைய. ஒரே சக்கரம் அளவுக்கு மீறி ஈயம் கேட்டால், 80, 100 கிராம் என்று போனால், மேலே மேலே அடிக்கவிடாதீர்கள். டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் ரிம்மைத் தனியாக மெஷினில் சுற்றவிட்டுப் பார்த்தால் குற்றம் ரிம்மிலா டயரிலா என்று அங்கேயே தெரிந்துவிடும்.